இரு நகரங்கள், சந்தைக்கு வந்த பள்ளிகள்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பள்ளி அமைப்பே அடியோடு மாறியது. 2005இல் கத்ரீனா புயல் ஓய்ந்ததும், பெரும்பாலான பள்ளிகளை மாநில அரசு கையிலெடுத்துச் சார்ட்டர் அமைப்புகளிடம், அதாவது அரசுப் பணத்தில் இயங்கும் தனி நிர்வாகங்களிடம் ஒப்படைத்தது. 7,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையிழந்தார்கள். தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிர்வாகச் செலவு ஏறியது, கற்பித்தலுக்கான செலவு இறங்கியது. பக்கத்துத் தெருப் பள்ளி என்பதே இல்லாமல் போய், விடியுமுன் இருட்டில் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள்.

சிகாகோ மாறவில்லை, வெட்டியது. ஒரு பக்கம் சார்ட்டர் பள்ளிகள் பெருக, மறுபக்கம் 2013இல் ஏறக்குறைய 50 அரசுப் பள்ளிகளை ஒரே மூச்சில் மூடியது. சொன்ன காரணம், மாணவர் குறைவு. (குறைந்தது ஏன் என்று கேட்டவர்கள் சிலரே.) புதிய பள்ளிக்கு நடக்கும் குழந்தைகள் ரவுடிக் கும்பல்களின் எல்லைகளைத் தாண்ட வேண்டும்; எனவே பளிச்சென்ற மேலங்கி அணிந்த காவலாட்களைத் தெருமுனைகளில் நிறுத்தினார்கள். மூடல் அறிவிப்பு வந்த ஆண்டிலேயே அந்தப் பிள்ளைகளின் படிப்பு சறுக்கியது.

என் கணக்கில் நியூ ஆர்லியன்ஸ் கொடுத்த விலைக்கு ஏதோ வாங்கியது. சிகாகோ விலையை மட்டும் கொடுத்தது. அங்கே டயட் (Dyett) என்ற உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டதை எதிர்த்து 2015இல் பெற்றோரும் ஆர்வலர்களும் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அது மீண்டும் திறந்தது, சார்ட்டராக அல்ல.