இன்ஜினைக் கண்காணிக்கத் தனித்திரை கேஜா, போன் ஆப்பா?

டாஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள்ளை நம்பி ஓட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல கார்களில் அந்த முள் ஓட்டுநர் தேவையில்லாமல் பதறக்கூடாது என்பதற்காகவே நடுவில் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் அது அசையாது. அசையத் தொடங்கும்போது நமக்கு மிச்சமிருக்கும் நேரம் குறைவு. சில புதிய கார்களில் முள்ளே கிடையாது, ஒரு சிவப்பு விளக்கோடு சரி. ஆனால் இன்ஜினை இயக்கும் கணினிக்கு, அதாவது ஈசியூவுக்கு, ஒவ்வொரு டிகிரியும் தெரியும். அதை வெளியே எடுத்துக் காட்டும் கருவிகளில் எதை வாங்கலாம் என்பதுதான் கேள்வி.

சந்தையில் இருப்பவை முக்கியமாக நான்கு வகை. கோளாறு அறிவதற்காகக் காரில் வைத்திருக்கும் செருகுவாயான ஓபிடி போர்ட்டில் செருகினால் தானே எண்களைக் காட்டும் தனித்திரை கேஜ் (ஸ்கேன்கேஜ், அல்ட்ராகேஜ் இந்த வகை). அதே போர்ட்டில் செருகும், திரையில்லாத சின்னக் கருவியான ப்ளூடூத் டாங்கிளும் அதோடு பேசும் போன் ஆப்பும். கண்ணாடியில் எண்களைப் பிரதிபலிக்கும் ஹெட்-அப் டிஸ்ப்ளே. கடைசியாக, சொந்த சென்சாரோடு இன்ஜினில் நேரடியாகப் பொருத்தும் பழைய பாணி மீட்டர்.

முதல் மூன்றும் தகவல் எடுப்பது ஒரே இடத்திலிருந்துதான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்த 16 முனை போர்ட் அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டு முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமானது. கூலண்ட் வெப்பத்தை ஈசியூ ஒரே ஒரு பைட்டாக, அதாவது 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாக, அனுப்புகிறது. அந்த எண்ணிலிருந்து 40-ஐக் கழித்தால் டிகிரி செல்சியஸ். 130 வந்தால் 90 டிகிரி. விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் மலிவான டாங்கிள் வாங்கினாலும் வருவது அதே 130தான். ஆகவே "எங்கள் கருவி அதிகத் துல்லியமானது" என்ற விளம்பரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். வித்தியாசம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: தேவைப்படும் நேரத்தில் கருவி விழித்திருக்கிறதா, எண் கண்ணில் படுகிறதா, எல்லை தாண்டினால் சத்தம் போடுகிறதா.

இந்த மூன்றிலும் என் ஓட்டு தனித்திரை கேஜுக்குத்தான். இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் அதுவும் விழிக்கிறது, அணைத்தால் தூங்குகிறது. இணைக்க வேண்டியதும் இல்லை, திறக்க வேண்டியதும் இல்லை. போன் ஆப்பில் அப்படி இல்லை. முதல் சில நாள் ஆசையாகத் திறப்போம். அப்புறம் வழி பார்க்க மேப் வேண்டும், அழைப்பு வரும், ஆப் பின்னால் போய்விடும். வெயிலில் கண்ணாடியோரம் மாட்டிய போன் சூடேறித் திரையை மங்கலாக்கிக்கொள்ளும். கூலண்ட் ஏறுவதும் பெரும்பாலும் அதே வெயிலில், அதே நெரிசலில்தான். தினமும் திறந்து வைக்க வேண்டிய கண்காணிப்பு நாளடைவில் நின்றுபோகும் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டாங்கிள் வாங்குவதிலும் சிக்கல் உண்டு. பெரும்பாலான மலிவு டாங்கிள்கள் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய, காரின் தகவலை ஆப்புக்குப் புரியும்படி மாற்றித்தரும் ஈஎல்எம்327 சிப்பின் நகல்கள். பெட்டியில் "பதிப்பு 1.5" என்று போட்டிருக்கும், ஆனால் அந்த நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. நகல் என்பதற்காக எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் சிலவற்றில் பாதிக் கட்டளைகள் வேலை செய்யாது. ஒரு காரில் ஓடியது இன்னொன்றில் இணையவே மறுக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண ப்ளூடூத் டாங்கிள் அதோடு பேசாது, குறைந்த மின்சக்தி ப்ளூடூத் வகையோ வைஃபை வகையோ வேண்டும். வைஃபை என்றால் போன் டாங்கிளோடு ஒட்டிக்கொள்வதால் இணைய இணைப்பு தடுமாறும்.

இவ்வளவு சொன்னாலும், கோளாறைத் தேடும் வேலையில் போனுக்கு ஈடில்லை. செக் இன்ஜின் விளக்கு எரிந்து, கலவை மெலிந்திருப்பதை, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லை என்பதைச் சொல்லும் பி0171 கோளாறுக் குறியீடு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆப்பில் நீண்டகால எரிபொருள் திருத்தத்தை, அதாவது கலவையைச் சரிசெய்ய ஈசியூ எரிபொருளை எவ்வளவு சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை, வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் சும்மா ஓடும்போது +18 சதவீதம், ஆர்பிஎம்மை 2500-க்கு ஏற்றிப் பிடித்தால் +4-க்கு இறங்குகிறது என்றால், சந்தேகம் முதலில் போக வேண்டியது வேக்கம் கசிவின் பக்கம். விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாய் கணக்கில் வராத காற்றை உள்ளே விடுகிறது. ஐடிலில் மொத்தக் காற்றே குறைவு என்பதால் அதன் பங்கு பெரிதாகத் தெரிகிறது. மாறாக, ஆர்பிஎம்மும் சுமையும் ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் ஃபியூவல் பம்ப், ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சார் இவற்றைப் பார்க்க வேண்டும். திருத்தம், ஆர்பிஎம் என்ற இந்த இரண்டு கோடுகளையும் நேரத்தோடு பதிவு செய்து பார்க்கும் வசதி நாலு எண் காட்டும் சின்னத் திரையில் கிடையாது. மெக்கானிக்கிடம் போவதற்கு முன் இதைப் பார்த்துவிட்டுப் போனால், எந்தப் பாகத்தையும் குருட்டாம்போக்கில் மாற்ற வேண்டியதில்லை.

அதனால் என் பரிந்துரை, கேஜ் காரிலேயே நிரந்தரமாக இருக்கட்டும். டாங்கிள் டூல் பெட்டியில் இருக்கட்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கார் பழையது, சூடேறும் பயம் உண்டு என்பவர்களுக்குக் கேஜ்; கார் நன்றாக ஓடுகிறது, எப்போதாவது குறியீடு படித்தால் போதும் என்பவர்களுக்கு டாங்கிள்.

கேஜ் திரையில் என்ன வைப்பது? கூலண்ட் கட்டாயம். அடுத்து பேட்டரி வோல்ட். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். 12.5-க்குக் கீழே இறங்கி மேலே ஏறாமல் நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்று ஐயப்படலாம். ஆனால் புதிய கார்களில் ஈசியூவே எரிபொருள் மிச்சத்துக்காகச் சார்ஜைக் குறைத்துக் கூட்டும் என்பதால், எண் மேலும் கீழும் போவதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்றாவது, உள்ளே வரும் காற்றின் வெப்பம் அல்லது இன்ஜின் சுமை. நான்காவது இடத்தைப் பலரும் மைலேஜுக்குக் கொடுப்பார்கள். அது நேரடியாக அளந்த எண் அல்ல என்பது நினைவில் இருக்கட்டும். பெட்ரோல் இன்ஜினில் உள்ளே போகும் காற்றின் எடையை 14.7 ஆல் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம்) வகுத்து எரிபொருளைக் கணக்கிடுகிறார்கள். டீசல் இன்ஜின் அந்த விகிதத்தில் ஓடுவதே இல்லை, அதனால் அதில் தவறு பெரிதாகும். டேங்க் நிரப்பும்போது உண்மையில் போட்ட லிட்டரைக் கேஜில் பதிந்து சரிசெய்துகொண்டே வந்தால் எண் நம்பும்படி வரும்.

பழைய கார்களில் எண்கள் மெதுவாகவே மாறும். இன்றைய கார்க் கணினிகள் பேசிக்கொள்ளும் வேகமான கேன் இணைப்பு வருவதற்கு முந்தைய, மெதுவான கே-லைன் வழியில் நொடிக்குச் சில எண்களைத்தான் கேட்டு வாங்க முடியும். திரையில் குறைவான எண்களை வைத்தால் ஒவ்வொன்றும் அடிக்கடி புதுப்பிக்கப்படும்.

ஹெட்-அப் டிஸ்ப்ளே பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரவில் வேகம் பார்க்க நன்றாக இருக்கும். பகல் வெயிலில் மங்கும், போலராய்டு கண்ணாடி போட்டால் சிலவற்றில் எண்ணே மறையும்.

நேரடி மீட்டரை அப்படி ஒதுக்கிவிட முடியாது. ஆயில் அழுத்தம் ஓபிடியின் பொதுப் பட்டியலில் இல்லை. பல கார்களில் அதற்கு ஒரு சுவிட்ச்தான் உண்டு, அழுத்தம் மிகவும் விழுந்த பிறகே விளக்கு எரியும். ஆகவே ஆயில் அழுத்தத்தை எண்ணாகப் பார்க்க வேண்டுமென்றால் தனி சென்சார் போடுவதே வழி. அதை நல்ல கை பொருத்த வேண்டும். இணைப்பில் கசிந்தால் ஆயிலே வெளியேறிவிடும்.

எதை வாங்கினாலும் போர்ட்டின் 16-வது முனையில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். 40 மில்லி ஆம்பியர் இழுக்கும் டாங்கிள் ஒரு நாளில் சுமார் 1 ஆம்பியர்-மணியைத் தின்னும். ஒரு மாதம் நிற்கும் காரில் சின்ன பேட்டரியைக் காலி செய்ய அது போதும். வாரக்கணக்கில் எடுக்காத கார் என்றால் கழற்றிவிடுங்கள். 1234 போன்ற எளிய கடவு எண்ணோடு யாரும் இணையக்கூடிய டாங்கிளை இரவில் செருகியே விடுவதும் நல்லதல்ல. கேஜின் வயரைப் பெடல் பக்கம் தொங்கவிடாமல் மேலே கிளிப் போட்டுக் கட்டுங்கள்.

எச்சரிக்கை ஒலியை எந்த டிகிரியில் வைப்பது என்பதற்கு எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் விடை இல்லை. சில நாள் சும்மா பாருங்கள். நெரிசலில் ரேடியேட்டர் மின்விசிறி எந்த டிகிரியில் ஓடத் தொடங்குகிறது, மேட்டில் எவ்வளவு வரை ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த உச்சத்துக்கு மேலே 6 அல்லது 8 டிகிரியில் வையுங்கள். சத்தம் வந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். ஏறியிருந்த எண் சட்டென்று விழுந்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். கூலண்ட் கொட்டிப்போய் சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் எண் அப்படி இறங்கும். இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.