லுகானோவில் மூன்று வருசம் பிட்கொயினில் கோப்பி குடித்த அனுபவம்

"மெசினில் சார்ஜ் இல்லை." சுவிஸின் லுகானோ நகரில் கடைகளில் பிட்கொயினால் காசு கட்டப் போய் நான் ஆகக்கூடுதலாகக் கேட்ட பதில் இதுதான். விலை சரியும், ஹேக்கர் அடிப்பான் என்றெல்லாம் பயந்துகொண்டு தொடங்கியவன் நான். கடைசியில் வில்லன் லாச்சிக்குள் கிடக்கும் ஒரு சார்ஜர்.

2022 மார்ச்சில் நகரசபையும் டெதர் என்ற டிஜிட்டல் நாணய நிறுவனமும் சேர்ந்து, கடைகளில் பிட்கொயின் புழங்க 'பிளான் பி' என்ற திட்டத்தை அறிவித்தன. கடைகளுக்கு மெசின் வந்தது, கதவுகளில் ஸ்டிக்கர் ஏறியது. அந்த நவம்பரில் எப்.டி.எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை விழுந்து, ஒரு பிட்கொயின் 16,000 பிராங்கை ஒட்டிக் கிடந்தபோதுதான் போனில் ஒரு லைட்னிங் வாலட்டைப் போட்டேன் (லைட்னிங் என்பது சின்னத் தொகைகளை உடனே அனுப்ப பிட்கொயினுக்கு மேலே கட்டிய வலையமைப்பு).

எல்லாம் ஒத்துழைக்கிற நாளில் சுகமோ சுகம். கடைக்காரப் பெண் 3 பிராங் என்று அடிப்பார். மெசின் அந்த நேர விலைக்கு அதைச் சாட்ஸாக மாற்றிக் கியூஆர் காட்டும் (ஒரு பிட்கொயினைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் ஒரு சாட்). கோப்பி வடிந்து முடிய முன்னமே பணம் போய்ச் சேர்ந்துவிடும். கட்டணம் ஒன்றிரண்டு ராப்பன்தான் (நூறு ராப்பன் ஒரு பிராங்). கடைக்காரர் விரும்பினால் பிராங்காகவே அவர் கணக்கில் விழும், விலை சரிந்தாலும் அவருக்கு நட்டமில்லை.

கவனிக்க வேண்டியது வாலட்டை நிரப்புவதைத்தான். என் வாலட்டில் அதற்கு மட்டும் பிட்கொயினின் பிரதான சங்கிலிக்கு, அதாவது பரிமாற்றங்கள் பதிவாகும் பொது ஏட்டுக்கு, போக வேண்டும். 2024 ஏப்ரல் 20, ஹாவிங் நாளன்று (புதிதாக வரும் பிட்கொயினின் அளவு பாதியாகும் நாள்) வாலட் வெறுமை. அன்று ஒரு சாதாரணப் பரிமாற்றத்துக்கே சராசரிக் கட்டணம் 100 டொலரைத் தாண்டியிருந்தது. 3 பிராங் கோப்பிக்கு 100 டொலரா? சில்லறையைப் பொறுக்கிக் கொடுத்தேன். இப்போது கட்டணம் குறைந்த நாள் பார்த்து 200 பிராங் அளவில் நிரப்பி வைக்கிறேன்.

ஒரேயொரு தடவை மானம் போனது. மனுசியின் பிறந்தநாள், பூக்கடை, 35 பிராங் பூங்கொத்து. 'அனுப்பப்படுகிறது' என்று வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, எனக்குப் பின்னால் நாலு பேர். லைட்னிங்கில் இடைவழியில் ஏதாவதொரு கணினி தூங்கிவிட்டால் காசு போகவும் போகாது, திரும்பவும் திரும்பாது. கெடு முடியும்வரை தொங்கும். ட்விண்ட் என்ற சுவிஸ் போன் செயலியில் கட்டிவிட்டு வந்தேன். ஒரு பூங்கொத்துக்கு இரண்டு தரம் காசு போகப்போகிறதே என்று இரவெல்லாம் போனைப் பார்த்தபடி இருந்தேன். சாட்ஸ் அடுத்த நாள் காலை திரும்பிவிட்டது. மனுசி இன்னும் சொல்லிச் சிரிக்கிறா.

'வைத்திருந்தால் ஏறியிருக்குமே' என்ற வயிற்றெரிச்சலும் உண்டு. என் முதல் கோப்பிக்குக் கொடுத்தது ஏறத்தாழ 18,750 சாட்ஸ். 2024 டிசம்பரில் பிட்கொயின் 100,000 டொலரைத் தொட்டபோது அதே சாட்ஸ் 16 பிராங்குக்கு மேல். இதற்கு மருந்து, செலவழித்த அளவை அன்றே திரும்ப வாங்கிவிடுவது. சுவிஸில் தனியாளுக்கு இந்த லாபத்துக்கு வரி இல்லை. வருசக் கடைசியில் கையிருப்பை சொத்து வரிக்குக் காட்டினால் போதும். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னால் பெருமூச்சு விடுகிறான். அங்கே 2022 முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி, விற்கும்போது 1 சதவீதம் பிடித்தம். கோப்பிக்கு யார் அந்தக் கணக்கு எழுதுவது?

ஆனால் எல்லாம் கடையில் நிற்கும் ஆளைப் பொறுத்தது. முதலாளிக்கு ஆர்வம் இருந்தால் வேலை செய்யும். வார இறுதியில் நிற்கும் மாணவன் என்றால் மெசினைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். நான் வழக்கமாகப் போகும் ஐந்து கடைகளில் இன்றைக்கு இரண்டுதான் தேறும். 2024 அக்டோபரில் லுகானோவின் சியானிப் பூங்காவில், பிட்கொயினை உருவாக்கிய, யாரென்றே தெரியாத சாத்தோஷிக்கு ஒரு சிலை வைத்தார்கள். நேரே நின்று பார்த்தால் உருவம் மறைந்துவிடும்படி செய்தது. ஸ்டிக்கர் ஒட்டிய மிச்சக் கடைகளும் அப்படித்தான். (அந்தச் சிலையையும் 2025 ஓகஸ்டில் யாரோ பிடுங்கி ஏரியில் போட்டார்கள்.)

தேறிய இரண்டில் ஒன்று சலூன். அந்த மனிதர் பிராங்காக மாற்றாமல் சாட்ஸாகவே வைத்திருக்கிறார். சவர மெசினுக்குப் பக்கத்துப் பிளக்கில் எந்நேரமும் இந்த மெசினும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். தலைமுடி இருக்கும்வரை அவருக்குச் சாட்ஸ்தான். கோப்பிக்கு, இப்போதெல்லாம், முதலில் கேட்டுவிட்டுத்தான் போனை எடுக்கிறேன்.