ஆண்ட்ராய்டு செட்டு வாங்கி டேஷ்போர்டைக் கெடுத்துக்கொண்ட கதை

மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் மீட்டர் விளக்கெல்லாம் மங்கி, உள்ளேயிருந்து டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முதல் வாரம் எதிர்வீட்டு அண்ணன் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு எடுத்தேன். இரண்டாவது வாரம், பேட்டரிக்கும் மூன்று வயசாகிவிட்டது போகட்டும் என்று 4,300 ரூபாய் கொடுத்து புதிதாக 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி மாட்டினேன். மூன்றாவது சனிக்கிழமை அந்தப் புதுப் பேட்டரியும் படுத்துக்கொண்டது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால் நான் இன்வெர்ட்டர், யுபிஎஸ் சர்வீஸ் பார்க்கிறவன். தினமும் மல்டிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். "ஊர்ல இருக்குற வயரெல்லாம் பாக்குறீங்க, சொந்த வண்டி வயரைப் பாக்கலையா?" என்று வீட்டில் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. பார்க்கவில்லைதான். அதற்கு ஒரு மாதம் முன்னால் சென்னையில் கார் சாமான் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் நாற்பது நிமிஷம் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன், அந்த நாற்பது நிமிஷத்தில் நடந்ததைத்தான் எழுத வந்தேன். கடை பெயரைப் போடப் போவதில்லை. அந்தத் தெருவில் ஒழுங்காக வேலை செய்கிறவர்களும் நிறைய பேர் இருக்கிறார்கள்.

காரில் கை வைப்பது எனக்குப் புதிதல்ல. முன்பு வைத்திருந்த ஆல்ட்டோவில் மீட்டர் பல்புகளைக் கழற்றி எல்இடி போட்டிருக்கிறேன் (பாதி எரியவில்லை, எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டே, திருப்பிச் செருகியதும் எரிந்தது). யுஎஸ்பி சார்ஜர், டேஷ் கேமரா எல்லாம் நானே போட்டவைதான். அதனால் இப்போதிருக்கும் 2014 ஸ்விஃப்டுக்கு ஒரு 9 இன்ச் ஆண்ட்ராய்டு செட்டும் (பழைய ரேடியோ இடத்தில் உட்காருகிற தொடுதிரை) நானே மாட்டிவிடலாம் என்றுதான் போனேன். 8 கோர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி, ஆண்ட்ராய்டு 13, பேசி முடித்த விலை 11,500. ஃபிரேம் 1,200. வண்டியின் கம்பெனி வயரை வெட்டாமல் அப்படியே செருகிக்கொள்ளும் கப்ளர் 350. "பிளக் அண்ட் பிளே சார், வீட்டுல உங்க பையன்கூட மாட்டிருவான்" என்றார் கடைக்காரர். கல்லா மேலேயே ஒரு பவர் சப்ளையில் செட்டை ஓட்டியும் காட்டினார். ஆண்ட்ராய்டு 13 என்று திரையில் பெரிதாக வந்தது, நானும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஏசி கிரில்லைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டையால் மெதுவாக நெம்பி, நான்கு ஸ்குரூ கழற்றி, பழைய செட்டை வெளியே இழுத்தேன். ஒரே ஒரு கிளிப் உடைந்தது, அது என் கைங்கரியம், கடைக்காரரைச் சொல்ல முடியாது. கப்ளரைச் செருகி பேட்டரியைக் கொடுத்து சாவி போட்டால் செட்டுக்கு உயிரே இல்லை. எதேச்சையாக ஹெட்லைட் போட்டேன், உடனே லோகோ வந்து பாட்டுப் பாடுகிறது! ஹெட்லைட்டை அணைத்தால் செத்துவிடுகிறது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு எஃப்எம் கேட்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

விஷயம் சிம்பிள். செட்டுப் பக்கத்து வயர்களுக்கு அநேகமாக எல்லாரும் ஒரே நிறம்தான் வைத்திருக்கிறார்கள்: மஞ்சள் என்றால் எப்போதும் 12 வோல்ட், நேரடியாகப் பேட்டரி, சிவப்பு என்றால் சாவி போட்டால் மட்டும் வருகிற 12 வோல்ட், கருப்பு எர்த், ஆரஞ்சு, பார்க்கிங் லைட் போடும்போது திரை வெளிச்சம் குறைவதற்கு. வண்டிப் பக்கத்து நிறம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதை நம்பி எதுவும் செய்யக் கூடாது. எனக்குக் கொடுத்த கப்ளரில் சிவப்பு போய் உட்கார்ந்திருந்தது லைட் வருகிற பின்னில், ஆரஞ்சு சாவி பின்னில். அதாவது கப்ளர் வேறு ஏதோ வண்டிக்கானது, வாய் மட்டும் பொருந்துகிறது.

அப்போதே ஒரு ஊசியை விட்டு அந்த இரண்டு பின்னையும் இடம் மாற்றிச் செருகியிருந்தால் பத்து நிமிஷ வேலை. போன் போட்டேன், அதுதான் தப்பு. "கொண்டு வாங்க சார், பையன் ஃப்ரீயா பண்ணித் தருவான், அப்படியே ரிவர்ஸ் கேமராவும் போட்டுக்கங்க, 500 கொடுங்க போதும்" என்றார். கேமரா வயரை டிக்கியிலிருந்து இழுத்து வர எனக்கும் சோம்பல், சரி என்று போனேன். பையனுக்கு இருபது வயசு இருக்கும், கையில் ஒரு கட்டிங் பிளேயர், வாயில் இன்சுலேஷன் டேப். மீட்டரும் இல்லை, டெஸ்ட் லேம்ப்பும் இல்லை. அதைப் பார்த்தபோதே நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். "நீங்க டீ சாப்ட்டு வாங்கண்ணா, முடிச்சு வெக்கிறேன்" என்றான். திரும்பி வந்தபோது ஃபிரேம் மூடியிருந்தது, பாட்டு ஓடியது, ரிவர்ஸ் போட்டால் படம் வந்தது. சாவியை எடுத்த பிறகும் திரை அணையவில்லையே என்றேன். "இந்த பட்டனை அமுக்கினா ஆஃப் ஆயிரும்ண்ணா, எல்லாம் அப்படித்தான்." நம்பினேன்.

மூன்றாவது சனிக்கிழமைக்கு வருகிறேன். பேட்டரியை சார்ஜ் ஏற்றி 12.6 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, எங்கே கசிகிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உதவும். மல்டிமீட்டரில் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையில் மாற்றுங்கள், பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் மீட்டர் வர வேண்டும். எல்லாக் கதவையும் சாத்துங்கள். ஃபியூஸ் பாக்ஸைப் பார்க்கக் கதவு திறந்திருக்க வேண்டும் என்றால், பல வண்டிகளில் பூட்டின் நாக்கை ஒரு ஸ்குரூ டிரைவரால் தள்ளி மூடிவிட்டால் கதவு சாத்தியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். இருபது நிமிஷம் விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கிற யூனிட்டுகள் தூங்கப் போக நேரமாகும். மீட்டர் நடுவில் இருக்கும்போது தப்பித்தவறி வண்டியை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். நல்ல வண்டியில் 0.02லிருந்து 0.05 ஆம்பியர் வரை காட்டும். என்னுடையது 0.42 காட்டியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 35ஐ 0.42ஆல் வகுத்தால் 83 மணி நேரம், மூன்றரை நாள். நான் ஞாயிறு இரவு நிறுத்தினால் சனிக்கிழமைதான் வண்டியைத் தொடுவேன். எந்தப் பேட்டரி தாங்கும்? குற்றமே செய்யாத பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன்.

ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினேன். ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.03. அந்த ஃபியூஸைக் கையில் எடுத்துப் பார்த்ததும்தான் பகீரென்றது. ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் 15 என்று அச்சிட்டிருக்கிறது, 15 என்றால் நீல நிறத்தில் இருக்க வேண்டும். என் கையில் இருந்தது பச்சை, 30 ஆம்பியர். பையன் வயரை வெட்டும்போது எங்கேயோ உரசி ஒரிஜினல் ஃபியூஸ் போயிருக்கும், கைக்குக் கிடைத்ததைச் செருகிவிட்டான். ஃபியூஸ் இருப்பது செட்டைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள், அது இருப்பது வயருக்காக. 15 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டு இழுத்த வயரில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், எங்காவது ஷார்ட் ஆகும்போது முதலில் சூடாகி உருகுவது வயர்தான், அதுவும் பிளாஸ்டிக்கும் பஞ்சும் நிறைந்த டேஷ்போர்டுக்குள்ளே. அந்தப் பச்சை ஃபியூஸோடு ஒரு மாதம் பிள்ளைகளைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன்.

அப்புறம் ஃபிரேமைப் பிரித்தேன். 350 ரூபாய் கப்ளரைக் காணோம். வண்டியின் ஒரிஜினல் கப்ளரையே வெட்டி எறிந்திருந்தான், வயர்கள் மொட்டையாக நின்றன. செட்டின் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி, வண்டியின் நிரந்தர 12 வோல்ட் வயரோடு கட்டியிருந்தான். சாவி வயரைத் தேடுகிற வேலை மிச்சம் பாருங்கள், இரண்டையும் பேட்டரியிலேயே கொடுத்துவிட்டால் செட்டு எப்படியும் ஓடும். பட்டனை அமுக்கினால் திரைதான் அணைகிறது, உள்ளே எல்லாம் முழித்துக்கொண்டே இருக்கிறது. முறுக்கிய இடத்தில் சுற்றியிருந்த டேப்பைத் தொட்டால் விரலில் கருப்பாகப் பசை ஒட்டியது, ஒரு மாத வெயிலுக்கே பசை இளகி டேப் வழுக்கிக் கழன்று, ஒரு விரற்கடை அளவுக்குச் செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. அதற்கு அரை அங்குலம் தள்ளி ஸ்டீல் பிராக்கெட், அதாவது எர்த்.

இன்னொன்றும் இருந்தது. கேமரா வயர் தொங்காமல் இருக்க அதை ஒரு மஞ்சள் குழாயோடு சேர்த்து பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருந்தான். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை, மஞ்சள் கப்ளர் பார்த்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் வயர். அதில் எதையும் கட்டக் கூடாது, வெட்டக் கூடாது, ஓம்ஸ் பார்க்கிறேன் என்று மீட்டரை வைக்கவும் கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, நகவெட்டியால் அந்த டேக்கை மட்டும் அறுத்தேன். கை நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன்.

கோபத்தில் செட்டையும் சோதித்தேன். ஃபோன் விவரம் காட்டுகிற ஒரு ஆப்பைப் பென் டிரைவிலிருந்து போட்டுப் பார்த்தால் ஏபிஐ லெவல் (ஆண்ட்ராய்டு ஒவ்வொரு வெர்ஷனுக்கும் உள்ள உள் எண்) 27. அது ஆண்ட்ராய்டு 8.1, ஆண்ட்ராய்டு 13 என்றால் 33 வர வேண்டும். சிப் ஏசி 8227 எல், நாலு கோர், ரேம் 1 ஜிபி. செட்டிங்ஸில் ‘அபௌட்’ பக்கத்தில் வருவதெல்லாம் எழுதி ஒட்டிய போர்டு மாதிரி, என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கடையில் நின்றபோதே அந்த ஆப் உள்ள பென் டிரைவை நீட்டியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் அங்கேயே பதில் கிடைத்த மாதிரிதான்.

கடைக்குப் போனேன். செட்டையும் பச்சை ஃபியூஸையும் கல்லா மேல் வைத்தேன்.

"சார், சைனா செட்டு சார், எல்லாத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கும்."

"அப்போ நீங்க 4 ஜிபின்னு ஏன் சொன்னீங்க?"

"பாக்ஸ்ல இருந்ததைச் சொன்னேன். வயரிங் எங்க பையன் பண்ணதுன்னு எப்படிச் சொல்றீங்க? நீங்களே பிரிச்சு மாட்டுற ஆளு. பில்லு இருக்கா?"

பில் என்று அவர் கொடுத்தது எஸ்டிமேட் என்று மேலே அடித்த ஒரு சீட்டு. ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, ‘கார் ஐட்டம் 13,050’ என்று பேனாவில் ஒரே வரி. யுபிஐயில் அனுப்பிய பணம் கடைப் பெயருக்குப் போகாமல் யாரோ ஒருவர் சொந்தக் கணக்குக்குப் போயிருந்தது, அதையும் அப்போதுதான் கவனித்தேன். கேமராவுக்குக் கொடுத்த 500க்கு அந்தச் சீட்டுகூட இல்லை. பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். அவன் மேல் எனக்கு இப்போது அவ்வளவு கோபம் இல்லை, மீட்டர் வாங்கிக் கொடுக்காமல் பிளேயரைக் கொடுத்து வண்டிக்குள் இறக்கிவிட்டவர் மேல்தான்.

1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் பதிந்தேன். அந்த எஸ்டிமேட் சீட்டு, யுபிஐ விவரம், பிரித்த பிறகு நான் எடுத்திருந்த போட்டோக்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் வெட்டியது யார் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, பிரிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கடையிலிருந்து போன் வந்தது. வேறு செட்டு தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். 4,000 ரூபாய் திரும்ப வந்தது. அதற்கு மேல் அலைய எனக்குத் தெம்பு இல்லை.

வெட்டி எறிந்த ஒரிஜினல் கப்ளர் மாதிரியே ஒன்று, பழைய கார் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் ஒரு பழைய செட்டோடு இருந்ததை வயரோடு 400 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். ஒவ்வொரு வயரையும் மீட்டர் வைத்து எது என்ன என்று சீட்டில் எழுதி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு, மேலே துணி டேப் சுற்றினேன். பையன் சுற்றிய மாதிரி பிவிசி இன்சுலேஷன் டேப் டேஷ்போர்டுக்குள் வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் இருபது ரூபாய்க்கு நீலம் வாங்கிப் போட்டேன். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: கம்பெனி போடாத இந்த மாதிரி சாமானைப் பாலிசியில் தனியாகக் காட்டிப் பணம் கட்டிச் சேர்த்தால்தான் அதற்குக் கவரேஜ். நான் சொல்லவே இல்லை.

இப்போது பழைய செட்டுதான் மறுபடி உட்கார்ந்திருக்கிறது, எஃப்எம்மும் யுஎஸ்பியும் போதும். போன சனிக்கிழமை காலை, ஆறு நாள் நின்ற பிறகு, பேட்டரி 12.5. ஆண்ட்ராய்டு செட்டை ஒரு பழைய 12 வோல்ட் அடாப்டரில் என் பையன் மேஜையில் மாட்டிக் கொடுத்தேன், கார்ட்டூன் பார்க்கிறான், அதுவும் திக்கித் திக்கித்தான் ஓடுகிறது. நான் உடைத்த அந்தக் கிளிப்புக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போதெல்லாம் ஏசி கிரில் டக் என்கிறது, யாரிடமாவது 2014 ஸ்விஃப்ட் உடைந்த டேஷ்போர்டு கிடந்தால் சொல்லுங்கள்.