பல தலைமுறை அலைகள், ஒரே பேட்டரி: நம் ஊர்க் கைபேசிக்கு எந்த ஆம்ப்ளிஃபையர்?

கைபேசி விளம்பரங்களில் கேமரா இருக்கும், திரை இருக்கும். அலையைக் கோபுரம் வரை எட்டும்படி பெருக்கி அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபையர் இருக்காது. ஆனால் சிக்னல் மங்கிய இடத்தில் கைபேசி சூடாவதற்கும் பேட்டரி மளமளவென்று இறங்குவதற்கும் பெரும்பாலும் அந்தச் சில்லுதான் காரணம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் சிக்னல் மங்கிய இடங்களுக்குக் குறைவில்லை. சாட்ஸ்வர்த்தின் மேடுபள்ளங்கள், டொங்காட்டைத் தாண்டிய கரும்புத் தோட்டங்கள், ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு என்று கோபுரம் கண்ணில் படாத வழிகள் ஏராளம். 2023இல் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, கோபுரத்தின் பேட்டரி நிறைவதற்குள் அடுத்த மின்வெட்டு வந்துவிடும். அருகிலிருக்கும் கோபுரம் அணைந்தால் கைபேசி தொலைவிலுள்ள கோபுரத்தை எட்ட முழுத் திறனில் ஒலிபரப்பியாக வேண்டும். ஆகவே எந்த வடிவமைப்பை எடுத்தாலும், இந்தக் கைபேசி எந்தத் திறனில் அதிக நேரம் ஓடப்போகிறது என்பதையே நான் முதலில் கேட்கிறேன்.

சிக்கலின் வேர் அலைகளின் வடிவத்தில் இருக்கிறது. 2ஜி அலை ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே உயரத்தில் செல்வது. அதனால் ஆம்ப்ளிஃபையரை எல்லை வரை அழுத்தி இயக்கலாம். 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் கொடுக்கும்போதும் இழுத்த மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி அலையாகவே வெளியேறும். 4ஜி அலை அப்படியல்ல. சராசரி 200 மில்லிவாட்தான், ஆனால் அதன் உச்சங்கள் சராசரியைப்போல் மூன்று நான்கு மடங்கு எழும். அந்த உச்சம் நசுங்கினால் பக்கத்து அலைவரிசையில் இரைச்சல் கொட்டும். எனவே ஆம்ப்ளிஃபையர் பெரும்பாலான நேரம் தன் எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. அங்கேதான் மின்சாரம் வெப்பமாகப் போகிறது. அலையின் பாதிச் சுழற்சியில் மட்டும் மின்சாரம் இழுக்கும் பி வகுப்பு ஆம்ப்ளிஃபையரின் செயல்திறனுக்குக் கோட்பாட்டு உச்சம் 78.5 சதவீதம். வெளியீட்டுத் திறன் கால்பங்கானால் அது 39 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

முதல் போட்டி: அலைப்பட்டைக்கு ஒரு தனி ஆம்ப்ளிஃபையரா, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றா? தென்னாப்பிரிக்காவில் 2ஜிக்கு 900, 1800. 3ஜிக்கு 900, 2100. 4ஜிக்கு 1800, 2100, 2300. 2022 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசா நடத்திய ஏலம் 700, 800, 2600, 3500 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளையும் சேர்த்தது, அரசுக்கு 14.4 பில்லியன் ராண்ட் கிடைத்தது. இத்தனைக்கும் தனித்தனிச் சில்லு வைத்தால் ஒவ்வொன்றையும் அதனதன் பட்டைக்குக் கச்சிதமாக இசைக்கலாம். ஆனால் பலகையில் இடமிருக்காது, விலையும் தாங்காது. பொது ஆம்ப்ளிஃபையரில் கீழ்ப்பட்டைகளுக்கு ஒன்று, நடுப்பட்டைகளுக்கு ஒன்று, மேல்பட்டைகளுக்கு ஒன்று என மூன்றே வழி. பின்னால் ஒரு சுவிட்ச் அலையைப் பிரித்து அனுப்பும். அந்தச் சுவிட்சில் அரை டெசிபெல் இழப்பு என்பது 11 சதவீதத் திறன் வீணாவது. இது சிறிய தொகையல்ல. ஆனாலும் என் ஓட்டு பொது ஆம்ப்ளிஃபையருக்கே. 2ஜிக்குச் சில்லிலிருந்து ஏறத்தாழ 34 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு) வேண்டும். 4ஜியிலும் அனுப்பும் அலையையும் பெறும் அலையையும் பிரிக்கும் டூப்ளெக்ஸர், சுவிட்ச் ஆகியவற்றின் இழப்புகளையும் உச்சங்களையும் கூட்டினால் கணக்கு 32, 33 டிபிஎம்மில் வந்து நிற்கிறது. இரண்டு தலைமுறைகளும் ஒரே அளவுள்ள டிரான்சிஸ்டரைக் கேட்பதால், ஒன்றுக்காக மற்றொன்றைப் பெரிதாகப் பலிகொடுக்க வேண்டியதில்லை.

உண்மையான சண்டை மின்னழுத்தத்தைச் சுற்றியே நடக்கிறது. சராசரித் திறனைப் பார்த்து மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவது ஒரு முறை. இது ஆவரேஜ் பவர் டிராக்கிங். அலையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் பின்தொடர்ந்து, அந்தக் கணத்துக்கு வேண்டிய மின்னழுத்தத்தை மட்டும் கொடுப்பது இன்னொன்று. இது என்வலப் டிராக்கிங்; என்வலப் என்பது அலையின் ஏற்ற இறக்கத்தை வரையும் உறை. கோயில் அன்னதானத்தில் நாளுக்கு ஒரு உலை வைப்பதற்கும் பந்திக்குப் பந்தி தலையெண்ணி உலை வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. இரண்டாவதில் மிச்சம் அதிகம், ஆனால் சமையற்கட்டில் ஓயாமல் ஆள் நிற்க வேண்டும்.

அந்த ஆளின் கூலியை விளம்பரங்கள் சொல்வதில்லை. மின்னழுத்தத்தை ஆட்டும் மாடுலேட்டர் 80 சதவீதச் செயல்திறனும் ஆம்ப்ளிஃபையர் 60 சதவீதமும் கொண்டவை என்று வைத்தால், கையில் கிடைப்பது 48. உறையும் அலையும் நானோ நொடி அளவில் ஒத்துவராவிட்டால் அலை சிதையும். 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலைக்கு மாடுலேட்டர் அதைவிடப் பன்மடங்கு வேகத்தில் ஆட வேண்டும். அதோடு, வெளியீடு மிகவும் குறைந்தால் மாடுலேட்டரின் சொந்தச் செலவே மிச்சத்தை விழுங்கிவிடும். அதனால்தான் குறைந்த திறனில் கைபேசிகள் சராசரி முறைக்கே மாறிவிடுகின்றன.

இங்கேதான் ஊர் முக்கியமாகிறது. ஆண்டெனாவில் 200 மில்லிவாட் வேண்டும், இடையில் 4 டெசிபெல் இழப்பு என்றால், ஆம்ப்ளிஃபையர் 500 மில்லிவாட் கொடுக்க வேண்டும். சராசரி முறையில் 35 சதவீதம் என்று கொண்டால் பேட்டரியிலிருந்து 1.43 வாட், என்வலப் டிராக்கிங்கில் மொத்தம் 45 சதவீதம் என்றால் 1.11 வாட். உள்ளங்கையில் 0.3 வாட் சூடு குறைகிறது. கோபுரம் நெருக்கமாக நிற்கும் உம்லாங்காவில் இந்த மிச்சம் அபூர்வமாகவே கிடைக்கும். கைபேசி அங்கே சில மில்லிவாட்டுக்கு மேல் எழுவதே அரிது. கரும்புக்காட்டு ஓரத்தில் நாள் முழுவதும் கிடைக்கும். 3ஜியில் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் ஆயிரக்கணக்கானோர் திரளும்போது, எல்லாக் கைபேசிகளும் ஒரே அலைவரிசையில் பேசுவதால் பின்னணி இரைச்சல் உயர்கிறது. கோபுரம் அருகில் இருந்தும் ஒவ்வொன்றும் தன் திறனைக் கூட்ட வேண்டியிருக்கிறது.

டோஹர்ட்டி முறைக்கும் ரசிகர்கள் உண்டு. வில்லியம் டோஹர்ட்டி 1936இல் பெல் ஆய்வகத்தில் ஒலிபரப்பு நிலையங்களுக்காக உருவாக்கியது. ஒரு ஆம்ப்ளிஃபையர் எப்போதும் ஓடும்; உச்சம் வரும்போது மட்டும் இரண்டாவது கைகொடுக்கும். கோட்பாட்டில், வெளியீடு கால்பங்கானாலும் 78.5 சதவீதம் அப்படியே நிற்கும். கோபுரங்களில் இன்று அதன் ஆட்சிதான். கைபேசியில் அது தடுமாறுவதற்குக் காரணங்கள் இரண்டு. இரண்டு ஆம்ப்ளிஃபையர்களையும் இணைக்கும் கால் அலைநீளக் கம்பி ஒரு பட்டைக்கே இசையும். 700 முதல் 2600 வரை இழுத்தால் நழுவிவிடும். அடுத்தது நம் கை. ஆண்டெனாவை விரல் மூடினால் அது ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் சுமை மாறும், டோஹர்ட்டியின் சமநிலை அந்தச் சுமையைத்தான் நம்பியிருக்கிறது. 1935இல் ஆன்ரி ஷிரே முன்வைத்த, இரண்டு ஆம்ப்ளிஃபையர்களின் அலைகளைக் கட்டம் மாற்றிக் கூட்டும் அவுட்ஃபேசிங் முறைக்கும் இதே நோய். கைபேசிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிரான்சிஸ்டர் செய்யும் பொருளைப் பற்றிச் சுருக்கமாக: காலியம் ஆர்சனைடு கூடுதல் மின்னழுத்தம் தாங்கும், மின்கசிவு குறைந்த அடித்தளம் உடையது. கணினிச் சில்லுகளில் பயன்படும் சிமாஸ் சிலிக்கான் மலிவு, கட்டுப்பாட்டுச் சுற்றுகளையும் உள்ளேயே வைக்கலாம், ஆனால் டிரான்சிஸ்டர்களை அடுக்கித்தான் மின்னழுத்தத்தைத் தாங்க வைக்க முடியும். முழுத் திறனில் நெடுநேரம் ஓடும் நம் ஊர்க் கைபேசிக்குக் காலியம் ஆர்சனைடே பாதுகாப்பு. சுவிட்சுகளைச் சிலிக்கானுக்கு விட்டுக்கொடுக்கலாம், அங்கே அது ஏற்கெனவே வென்றுவிட்டது.

விலை குறைந்த 4ஜி கைபேசிக்கு மூன்று வழிப் பொது ஆம்ப்ளிஃபையரும் சராசரி முறையும் போதும். மிச்சப்படும் ராண்டைப் பெரிய பேட்டரியில் போடுங்கள். ஒன்றை மட்டும் குறைக்க வேண்டாம்: 2ஜி வழி. மலைக்கிராமத்துப் பாட்டியின் அழைப்பு இன்றும் அதில்தான் போகிறது. நடுத்தர விலைக்கு மேல் என்வலப் டிராக்கிங் இல்லாத கைபேசியை இந்த மாகாணத்தில் விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி.

3500 மெகாஹெர்ட்ஸ் 5ஜியில் மட்டும் இந்தத் தீர்ப்பை மறுபடி எழுத வேண்டியிருக்கலாம். அங்கே அலையின் அகலம் 100 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. அந்த வேகத்துக்கு ஆடும் மாடுலேட்டர்கள் வந்துவிட்டாலும் அவற்றின் சொந்தச் செலவு கூடுகிறது. அனுப்புவதும் பெறுவதும் மாறி மாறி நடப்பதால் டூப்ளெக்ஸர் இழப்பு இல்லை. கால் அலைநீளமும் சில்லருகே அடங்கும் அளவுக்குக் குறுகிவிடுகிறது. ஆம்ப்ளிஃபையர் ஒரு பட்டைக்கு மட்டும் உழைத்தால் போதும். டோஹர்ட்டிக்கு எதிராக நான் சொன்ன முதல் காரணம் அங்கே பெருமளவு தளர்கிறது. மிஞ்சுவது விரல் மூடும் ஆண்டெனா. அதற்குத் தானாக இசைந்துகொடுக்கும் ஆண்டெனா டியூனரைச் சேர்த்து, கையில் பிடித்த நிலையிலேயே அளந்து காட்டும் வடிவமைப்பு வந்தால், அந்த ஒரு பட்டைக்கு என் ஓட்டு டோஹர்ட்டிக்கு மாறும்.