முதல் வெப் சர்வீஸ்: ஃபிளாஸ்க்கா, ஃபாஸ்ட்ஏபிஐயா?

பைத்தான் ஓரளவு கைவந்ததும் அடுத்து ஒரு வெப் சர்வீஸ், அதாவது நெட் வழியாகக் கேட்டால் பதில் சொல்லும் புரோகிராம், எழுத ஆசை வரும். அதற்குப் பைத்தானில் ஃபிரேம்வொர்க்குகள் (தயார்நிலைக் கட்டமைப்புகள்) உண்டு. 2010-இல் வந்த ஃபிளாஸ்க், 2018-இல் வந்த ஃபாஸ்ட்ஏபிஐ, இரண்டில் எது? ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க்கும் உண்டுதான். ஆனால் டேட்டாபேஸ், லாகின், அட்மின் பக்கம் என்று முழுக் குடித்தனத்தோடு வரும். அது இப்போதைக்கு வேண்டாம்.

இட்லி எத்தனை என்று முகவரியிலேயே வாங்கிக்கொண்டு, ஒன்று 10 ரூபாய் வீதம் பில் தொகையைச் சொல்லும் சர்வீஸ் ஒன்றை இரண்டிலும் எழுதிப் பார்க்கலாம். பத்து வரிகூட வராது.

ஃபிளாஸ்க்கில் முகவரியிலிருந்து எடுக்கும் 3, இது எண் என்று நாம் குறிக்காவிட்டால், எண் அல்ல, எழுத்து. அதைப் பத்தால் பெருக்கினால் பைத்தான் அந்த எழுத்தைப் பத்து முறை அடுக்கித் தரும்: 3333333333. மூன்று இட்லிக்கு 333 கோடிக்கு மேல் பில்! இதில் எர்ரர் எதுவும் வராது, ஸ்டேட்டஸ் 200, அதாவது ‘எல்லாம் சரி’ என்றே வரும். சரி, இன்ட் போட்டு எண்ணாக்கினால் 30 வந்துவிடும். ஆனால் யாராவது ‘மூன்று’ என்று அனுப்பினால் 500 எர்ரர், அதாவது சர்வர் பக்கமே கோளாறு. (௩ என்று தமிழ் எண்ணில் அனுப்பினால் மட்டும் பைத்தானின் இன்ட் அதை 3 என்றே எடுத்துக்கொள்ளும்.)

ஃபாஸ்ட்ஏபிஐயில் ஃபங்ஷன் எழுதும்போதே இது இன்ட் என்று குறித்துவிடுகிறோம். ‘மூன்று’ என்று வந்தால் எந்த இடத்தில், என்ன தப்பு என்ற விவரத்தோடு 422 (அனுப்பியது சரியில்லை என்ற ஸ்டேட்டஸ்) போய்விடும். ஜேசன் (JSON) வடிவில் அனுப்பும் பதிலில் தமிழ் இருந்தால் அப்படியே தெரியும். ஃபிளாஸ்க்கில் ஒரு செட்டிங்கை மாற்றாவிட்டால் குறியீடுகளாகக் கொட்டும்.

டெஸ்ட் செய்ய, ஃபாஸ்ட்ஏபிஐ தானே உருவாக்கும் டாக்ஸ் பக்கத்தில் எண்ணைப் போட்டு பட்டனை அழுத்தினால் போதும். ஃபிளாஸ்க்கில் அந்த வசதி இல்லை. பிரவுசர் அல்லது கர்ல் (டெர்மினலிலிருந்து முகவரியைக் கூப்பிடும் கருவி) தான். ஆனால் கையால் தட்டிப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. சர்வரை ஓட்டாமலே கோடிலிருந்து டெஸ்ட் செய்ய இரண்டிலும் டெஸ்ட் கிளையன்ட் உண்டு. ஃபிளாஸ்க்கில் கூடவே வருகிறது, ஃபாஸ்ட்ஏபிஐக்கு எச்டிடிபிஎக்ஸ் (httpx) என்ற லைப்ரரியைத் தனியாகப் போட வேண்டும். 200 வந்ததா என்பதோடு தொகை 30-தானா என்றும் பாருங்கள். அப்புறம் -2 அனுப்பிப் பாருங்கள். இரண்டுமே -20 ரூபாய் என்று கூசாமல் சொல்லும்.

என் ஓட்டு, கற்றுக்கொள்ள ஃபிளாஸ்க்குக்கே. அந்த 333 கோடியை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு ஃபாஸ்ட்ஏபிஐ எதை மிச்சப்படுத்துகிறது என்பது தானே புரியும். மொபைல் ஆப் ஒன்று சர்வீஸுக்காகக் காத்திருக்கிறது என்றால் மட்டும் நேராக ஃபாஸ்ட்ஏபிஐக்குப் போய்விடுங்கள்.