அம்பாசடருக்கு பாயிண்டா, எலெக்ட்ரானிக் கிட்டா?

அப்பா வாங்கிய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் இன்னும் தர்மபுரியில் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது ஓடும். பிளக்குகளுக்கு மின்சாரத்தை வரிசையாகப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டித்துத் தீப்பொறி வரவைக்கும் பழைய பாயிண்டும், அது கருகாமல் காக்கும் கண்டென்சரும்தான். ஓசூரில் இருக்கும் என் மச்சினனிடமும் இதே வண்டி உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் அதில் பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் கிட் போட்டான். "மாமா, நீங்களும் மாத்திடுங்க, அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியத் திறக்கவே வேணாம்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். போன மாதம் டியூனப்புக்கு உட்கார்ந்தபோது நானும் நன்றாக யோசித்தேன். கடைசியில் புது பாயிண்ட்தான் வாங்கிப் போட்டேன்.

பிளக், வயர், மூடி, அதற்குள் சுழலும் ரோட்டார் வேலை எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். பிளக் முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. பிளக் இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.6 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. வயர்களைக் கழற்றும் முன் எது எந்த சிலிண்டருக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். தீப்பொறி வரிசை 1-3-4-2. மூடிக்குள் முடி போல மெல்லிய கருப்புக் கோடு ஓடியிருந்தால் அது விரிசல், மூடியை மாற்றிவிட வேண்டியதுதான்.

கிட்டின் நல்ல குணங்களை மறைக்க மாட்டேன். பாயிண்ட் இருக்கும் இடத்தில் ஒரு சென்சார், ரோட்டாருக்கு அடியில் ஒரு காந்த வளையம், அவ்வளவுதான். ஒன்றோடு ஒன்று உரசாததால் தேய்மானமே இல்லை. டைமிங், அதாவது தீப்பொறி வரும் நேரத்தை, ஒருமுறை வைத்தால் நகராது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து தண்டு ஆடும் வண்டியில் பாயிண்ட் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும், கிட் அந்த ஆட்டத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மார்கழியில் ஓசூர் குளிரில் மச்சினன் வண்டி முதல் சாவியிலேயே பிடித்ததை நானே பார்த்தேன். மைலேஜ் கூடியதாகவும் சொல்கிறான். நான் அந்த வண்டியை நாலைந்து தடவைதான் ஓட்டியிருக்கிறேன், அதனால் அதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. விலை வித்தியாசம் பெரிது. பாயிண்டும் கண்டென்சரும் சில நூறு ரூபாய், கிட் ஆயிரங்களில்.

பாயிண்டில் வேலை அதிகம்தான். ஆனால் பயப்படுகிற வேலை இல்லை. 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மூடியைத் திறக்கிறேன். உள்ளே சுழன்று பாயிண்டைத் திறக்கும் கேம் நான்கு மூலை கொண்டது. கேமில் உரசும் பாயிண்டின் ஃபைபர் குதி ஒரு மூலையின் உச்சியில் ஏறி நிற்கும்படி என்ஜினைச் சுற்றிவிட்டு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வைக்க வேண்டும். தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. பாயிண்ட் முகத்தை பெட்ரோல் தொட்ட துணியால் துடையுங்கள். புதுசிலும் பாதுகாப்புக்குப் பூசிய எண்ணெய் இருக்கும். கேமில் கிரீஸ் விரல் நுனியால் தடவும் அளவு போதும். அதிகமானால் தெறித்து பாயிண்டில் ஒட்டி, வண்டி மிஸ் அடிக்கும்.

இடைவெளியை வைத்த பிறகுதான் டைமிங். வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் கூடவே மாறும். குதி தேயத் தேய இடைவெளி குறைந்து, டைமிங் பின்தங்கும். "பிக்கப் போச்சு" என்று நாம் சொல்வதில் பாதி இதுதான். டாப் கியரில் போட்டு வண்டியை மெதுவாக முன்னே தள்ளி, முதல் சிலிண்டருக்கு ரோட்டார் நேராக வரும்போது என்ஜின் முன்னால் இருக்கும் கப்பியின் டைமிங் அடையாளத்தைப் பொருத்திக்கொள்ளுங்கள். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலில் பாயிண்டுக்குப் போகும் முனைக்கும் பாடிக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பு. சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கிற அந்த நொடியில் பல்பு எரியும். அங்கே கிளாம்பை முறுக்கிவிடலாம். பல்பு சரியாக எரிந்த அந்த முதல் நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சரி, இவ்வளவு வேலை இருந்தும் ஏன் பாயிண்ட்? வழியில் நின்றால் என்ன செய்வோம் என்பதுதான் என் ஒரே கேள்வி.

நான்கு வருடத்துக்கு முன் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. பாரம் ஏற்றிய லாரிகள் முக்கி ஏறுகிற இடம், ஓரத்தில் நிற்பதே ஆபத்து. பின்னால் அம்மா உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறந்தால், பாயிண்ட் கிட்டத்தட்ட மூடியே கிடக்கிறது, குதி தேய்ந்துபோயிருக்கிறது. எமரி பேப்பரை மடித்து முகத்தைத் தேய்த்தேன். ஃபீலர் கேஜ் வீட்டில் இருந்தது, சட்டைப்பையில் இருந்த விசிட்டிங் கார்டைத்தான் நடுவே விட்டு அளவு வைத்தேன். அதன் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் வண்டி ஏறிவிட்டது.

மச்சினனுக்குப் போன கோடையில் சூளகிரி அருகே நின்றது. ஆறியதும் கிளம்பும், சூடானதும் மறுபடி நிற்கும், மூன்றாவது முறை கிளம்பவே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தால் சீல் செய்த ஒரு கருப்புக் கட்டி. அதில் தேய்க்கவோ திருப்பவோ எதுவுமில்லை. கயிறு கட்டி இழுத்து வந்தான். புது கிட் பெங்களூர் ஜே.சி. ரோட்டிலிருந்து வர ஐந்து நாள் ஆனது. நல்ல கிட் பல வருடம் உழைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கிட்தான். ஆனால் பாயிண்ட் கெடுவதற்கு முன் சொல்லிக்காட்டும், கிட் அன்று சொல்லவில்லை.

பாயிண்டிலும் ஒரு குறை உண்டு. கண்டென்சர் திடீரென்று போய்விடும். இப்போது வருகிறவற்றில் சில ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கண்டென்சரை, புது பாயிண்ட் வாங்கினேன் என்பதற்காக மாற்ற மாட்டேன். புதுசை டேஷ்போர்டில் உதிரியாக வைத்துக்கொள்வேன்.

டவுனுக்குள் மட்டும் ஓட்டுபவர், கையில் கிரீஸ் படுவதை விரும்பாதவர் கிட் போடுவதை நான் தடுக்க மாட்டேன். போட்டால் முதலில் காயிலின் ஓம் அளவு, அதாவது மின்தடை, கிட்டுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள், என்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவைக்காதீர்கள். கழற்றிய பாயிண்ட் தட்டை கண்டென்சரோடு ஒரு கவரில் போட்டு டிக்கியில் வையுங்கள். மச்சினன் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறான், கூடவே ஒரு ஸ்க்ரூ டிரைவரும் எமரி பேப்பரும்.