5-க்கு 2 ஸ்டார், இரண்டும் ஆட்களுக்கு, லேபுக்கு இல்லை

பெயரைப் போடாதே என்று அப்பா சொல்லிவிட்டார். "அடுத்த தடவையும் அந்தத் தம்பிதான் ஊசியோட வரணும், ஞாபகம் வச்சுக்கோ" என்றார். அதனால் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை லேப் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பா ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார், வயது 74. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுகர், கிரியேட்டினின், கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். நான்கு வருடமாக இவர்களிடம்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. காலை ஆறரைக்கு வருகிறேன் என்றால் ஆறரைக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும். அப்பாவுக்கு நரம்பு லேசில் சிக்காது. அந்தத் தம்பி கையைத் தொங்கப் போடச் சொல்லி, இரண்டு தட்டு தட்டி, ஒரே குத்தில் எடுத்துவிடுவார். ஒரு ஸ்டார் அவருக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அப்பாவுக்கு ஒரு போன். பேசியவன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறான். "ஐயா, போன மாசம் 12-ஆம் தேதி எடுத்ததுல மூணு மாச சுகர் 8.4 வந்திருக்கு. டாக்டர் பாத்துட்டு உடனே இந்த மருந்தை ஆரம்பிக்கச் சொல்றார்." மருந்து 4,800 ரூபாய். பாதி இப்போது அனுப்ப வேண்டும், மீதி பார்சல் கையில் வந்ததும். பணம் அனுப்ப அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் தற்செயலாக நான் கூப்பிட்டேன். தப்பித்தோம். நான் சத்தம் போட்டபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏமாத்துறவனுக்கு என் சுகர் எப்படிம்மா தெரியும்? புள்ளிக்கு அப்புறம் நாலு வரைக்கும் சரியாச் சொல்றானே."

பதில் ஒன்பது நாள் கழித்து லேபிடமிருந்து மெயிலில் வந்தது. இங்கிலீஷ் மெயில். அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்: சில வாடிக்கையாளர்களின் சில தகவல்களை, அனுமதியில்லாத சிலர் பார்த்திருக்கலாம். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் 'சில' ஏழு தடவை. நம் தகவல் அதில் உண்டா, போனது போன் நம்பரா ரிப்போர்ட்டா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஒன்றும் கிடையாது. எங்களுக்கு ஒரே ஒரு அறிவுரை: பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். இவர்கள் ஆப்பில் பாஸ்வேர்டே இல்லை! ஓடிபி போட்டுத்தான் உள்ளே போக முடியும். வேறு எங்கேயோ யாரோ எழுதிய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். கடைசி வரியில் முழு உடல் பரிசோதனைக்கு 20 சதவீதம் தள்ளுபடி. அதைப் பெற ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். முதல் கட்டத்திலேயே பிறந்த தேதி கேட்கிறது.

இதை ஒழுங்காகச் சொல்லவே முடியாதா என்றால், முடியும். 2021-இல் ஏர் இந்தியாவுக்கும் இதே மாதிரி நடந்தது. அவர்களுக்காகப் பயணிகள் விவரத்தைக் கையாண்ட சிட்டா நிறுவனத்தின் சர்வரில் எவனோ புகுந்துவிட்டான். உலகம் முழுக்க சுமார் 45 லட்சம் பேரின் விவரம். பிப்ரவரி கடைசியில் தெரிந்த விஷயம் பயணிகளுக்கு விவரமாகப் போய்ச் சேர மே மாதம் ஆனது, அது தனிக் கோபம். ஆனாலும் கடிதத்தில் விஷயம் இருந்தது. 2011 ஆகஸ்ட் 26 முதல் 2021 பிப்ரவரி 3 வரை பதிவானவர்கள், பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட், கார்டு விவரம் எல்லாம் இதில் சேர்த்தி, கார்டின் பின்பக்கம் இருக்கும் சிவிவி எண் மட்டும் அந்த சர்வரில் இல்லை. படிப்பவருக்குத் தன் தலையில் விழுந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இப்போது சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளிவந்தன. என்ன போனது, எப்போது, அதனால் எனக்கு என்ன ஆகும், நீங்கள் என்ன செய்தீர்கள், நான் என்ன செய்யணும், யாரைக் கேட்கணும் என்று எளிய நடையில் சொல்ல வேண்டும். இந்தப் பகுதி அமலுக்கு வர 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கஸ்டமர் கேரில் இதைச் சொன்னேன். "உங்க கம்ப்ளெயின்ட்டை மேல அனுப்பியிருக்கோம் மேடம்" என்றார்கள். மூன்று தடவை மேலே போயிருக்கிறது, கீழே எதுவும் வரவில்லை.

கடைசியில் கிளைக்கே நேரில் போனேன். கவுன்டரில் இருக்கும் அக்கா சுற்றி வளைக்கவில்லை. "எனக்கும் அதே மெயில்தாங்க வந்துச்சு. ஆனா இந்தக் கிளைல மட்டும் பதினாலு பேரு இதே மாதிரி போன் வந்துச்சுன்னு சொல்லிட்டாங்க. எல்லார்கிட்டயும் ரிசல்ட்டைச் சொல்லித்தான் காசு கேட்டிருக்கான். அப்ப ரிப்போர்ட்டுதானே போயிருக்கு?" என்றார். கவுன்டர் கண்ணாடியில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் அவரே எழுதி ஒட்டிய பேப்பர்:

"மருந்து விற்க நாங்கள் போன் செய்வதில்லை. உங்கள் ரிப்போர்ட்டைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். சந்தேகம் என்றால் என்னிடம் கேட்கவும்."

ஏர் இந்தியா கடிதத்தை விட இது எனக்குப் பிடித்தது. இரண்டாவது ஸ்டார் இவருக்கு.

போன வாரம் அப்பாவின் ரிப்போர்ட்டில் வயது தவறாக இருந்ததால் திருத்த மறுபடி போனேன். கண்ணாடியில் பேப்பர் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள், கஸ்டமர்கள் பயப்படுவார்கள் என்று எடுக்கச் சொன்னார்களாம். அந்த இடத்தில் 20 சதவீதத் தள்ளுபடி போஸ்டர் தொங்குகிறது. அக்கா பேப்பரைத் தூக்கிப் போடவில்லை. நாலாக மடித்து டிராயரில் வைத்திருக்கிறார். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஏதோ போன் வந்தது என்று ஆரம்பித்ததும், எடுத்து விரித்துக் காட்டினார்.